கழன்ற நட்டு, காணாமல் போன போல்ட்: பைக்கில் சரியானதைத் தேடி மாட்டும் முறை

பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்த மறுநாள் காலை, ஸ்பிளெண்டரின் பின்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி டார்க் ராடில் பட்டது. பின் பிரேக் தட்டிலிருந்து முன்னோக்கி ஓடும் பட்டையான இரும்புத் துண்டு அது. பிரேக் பிடிக்கும்போது அந்தத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. அதை மாட்டியிருக்கும் போல்ட்டின் நுனியில் சின்ன ஓட்டை இருக்கும், ஓட்டைக்குள் ஒரு காட்டர் பின் இருக்க வேண்டும், நட்டு கழன்று விழாமல் தடுக்கும் மடக்குக் கம்பி அது. ஓட்டை இருந்தது, பின் இல்லை. நட்டைத் தொட்டேன். விரலிலேயே சுற்றியது.

சக்கரத்தைக் கழற்றியவர் பின்னைத் திரும்பப் போட மறந்திருக்கிறார், நட்டையும் முறுக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் நட்டு எங்காவது விழுந்திருக்கும். அதன்பிறகு பிரேக்கை மிதித்தால் தட்டு சக்கரத்தோடு சுழன்று, பிரேக் கம்பியை வளைத்து, சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். சில ரூபாய் பெறாத ஒரு பின்னுக்காக.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு வண்டியைச் சுற்றி ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கும் இது கைவரும். நம் தெருக்களில் அதிகம் ஓடும் 100, 125 சிசி வண்டிகளை வைத்தே சொல்கிறேன்.

முதலில் விரல், பிறகுதான் ஸ்பேனர்

வண்டியைக் கழுவி, காயவிட்டு, சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். முன்சக்கரத்தில் தொடங்கிப் பின் விளக்கு வரை ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். ஒவ்வொரு நட்டையும் விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஸ்பேனரை இப்போதே கையில் எடுத்தால் நன்றாக இருப்பதையும் முறுக்கத் தோன்றும், புதிய தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கும்.

கண்ணுக்கும் சில அடையாளங்கள் தெரியும். போல்ட் தலையைச் சுற்றி செம்பழுப்பு நிறத்தில் பொடி வழிந்திருந்தால் அந்த இடம் ஓடும்போது அசைந்து உராய்கிறது என்று அர்த்தம். சுற்றிலும் தூசி படிந்திருக்க, வாஷரின் ஓரம் மட்டும் பளபளவென்று இருந்தாலும் அதே கதைதான். வண்டியில் புதிதாக ஒரு கிடுகிடு சத்தம் கேட்டால், நிறுத்தி வைத்து ஆக்ஸிலேட்டரை லேசாக ஏற்றி, சந்தேகப்படும் பாகத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். சைலன்ஸரிடம் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

எங்கே ஒரு போல்ட் இருந்திருக்க வேண்டும் என்றே தெரியாமல் போவதும் உண்டு. காலி ஓட்டை எல்லாமே போல்ட்டுக்கானது இல்லை. அதே மாடல் வண்டி ஒன்று பக்கத்தில் நிற்கும், அதன் அருகில் குந்தி ஒப்பிட்டுப் பாருங்கள், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டும் படங்கள் இருக்கும், அதில் போல்ட்டின் அளவும் பார்ட் நம்பரும் கிடைத்துவிடும்.

அதிகம் கழல்வது எவை? ஹாரன் பிராக்கெட், மட்கார்டு, செயின் கவர், சாரி கார்டு, லெக் கார்டு, சைலன்ஸர் மேல்தகடு. அதிர்வு அதிகம் வாங்கும் இடங்கள், அதே சமயம் சர்வீஸில் யாரும் பெரிதாகக் கவனிக்காத இடங்கள்.

அந்த போல்ட் என்ன வேலை செய்கிறது?

எதைத் தேடுவதற்கு முன்பும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். செயின் கவரின் போல்ட் போனால் சத்தம் வரும். லெக் கார்டின் போல்ட் போனால் ஒருநாள் அது தொங்கும். சக்கர ஆக்ஸில், பிரேக் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்), டார்க் ராடு, ஹேண்டில் கிளாம்ப், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்), என்ஜின் மவுண்டிங் ஆகியவற்றில் ஒன்று போனால் ஆள் விழுவார்.

கடைசியாகச் சொன்னவற்றில் எது இல்லையென்றாலும் வண்டியை எடுக்காதீர்கள், பக்கத்துத் தெரு வரைகூட வேண்டாம். அவற்றுக்குப் பார்ட் நம்பர் சொல்லி கம்பெனி போல்ட்டையே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. ஹார்டுவேர் கடையில் தேடுவது, அளவெடுப்பது எல்லாம் மற்ற போல்ட்டுகளுக்குத்தான்.

அளவெடுப்பது

ஒரு போல்ட்டுக்கு மூன்று அளவு தெரிந்தால் போதும்: தண்டின் தடிமன், மரையின் இடைவெளி, நீளம். பட்டறையில் மரையை த்ரெட்டு என்பார்கள், இடைவெளியை பிட்ச் என்பார்கள். இடப்பக்கத்தில் காணாமல் போனதற்கு வலப்பக்கத்தில் ஜோடி இருந்தால் அதைக் கழற்றி அளந்துவிடலாம். பெரும்பாலும் ஜோடி இருக்கும்.

தடிமனை மரையின் மேல்விளிம்பில் அளக்க வேண்டும். 6 மி.மீ. என்றால் எம்6, 8 என்றால் எம்8. வெர்னியர் அளவுகோலில் 5.9 என்று காட்டினால் பயப்படாதீர்கள், எம்6 போல்ட் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பிட்ச்சுக்கு ஸ்கேலை மரையின் மேல் வைத்து பத்து இடைவெளிகள் எவ்வளவு தூரம் போகின்றன என்று பாருங்கள். 10 மி.மீ. என்றால் பிட்ச் 1, பன்னிரண்டரை என்றால் 1.25. போல்ட்டில் பத்து இல்லாவிட்டால் ஐந்தை எண்ணி இரட்டிப்பாக்குங்கள். எம்6க்கு 1, எம்8க்கு 1.25 என்பது வண்டிக்கும் கடைக்கும் பொது. எம்10 வரும்போதுதான் சிக்கல். பைக்குகளில் எம்10 பெரும்பாலும் 1.25 பிட்ச், சாதாரண ஹார்டுவேர் கடையில் எம்10 என்று மட்டும் கேட்டால் எடுத்துத் தருவது 1.5 பிட்ச். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும். இறுகிவிட்டதே என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் மரை நாசமாகும்.

தலையின் அளவிலும் ஒரு வித்தியாசம் உண்டு. 1984இல் தொடங்கிய ஹீரோ ஹோண்டா கூட்டிலிருந்து வந்தது ஸ்பிளெண்டர், அதன் போல்ட்டுகள் ஜப்பான் வழக்கப்படி அமைந்தவை. அங்கே எம்8க்கு 12ஆம் நம்பர் தலை (12 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும் தலை), எம்10க்கு 14, எம்12க்கு 17. கடையில் வாங்கும் சாதாரண எம்8க்கு 13ஆம் நம்பர் தலை, எம்10க்கு 17 அல்லது 16. எம்6க்கு இரண்டிலும் 10தான். ஒரே ஸ்பேனரில் 12-13 என்று இரண்டு முனை இருக்கிறதே, அவசரத்தில் 13 முனையை 12 தலையில் போட்டுத் திருப்பித்தான் பல போல்ட்டுகளின் மூலை மழுங்கிப் போகிறது. தலை மாறுவதால் பலத்தில் குறை எதுவும் வராது. ஆனால் குறுகிய பள்ளத்துக்குள் உட்கார வேண்டிய போல்ட்டாக இருந்தால் 13ஆம் நம்பர் தலை உள்ளே இறங்காது, ஸ்பேனருக்கும் இடம் இருக்காது.

நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து நுனி வரை அளப்பார்கள். ஜோடி போல்ட் இல்லாத ஓட்டையில் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, அடி தட்டும் வரை விட்டு, விளிம்பில் நகத்தால் அடையாளம் வைத்து எடுங்கள். அதுதான் ஓட்டையின் ஆழம். அதோடு மாட்டப்போகும் பாகத்தின் தடிமனையும் வாஷரையும் கூட்டி, இரண்டு மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். நீளம் கூடினால் நுனி அடியில் முட்டி நிற்கும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், பாகமோ ஆடிக்கொண்டிருக்கும். மேலும் அழுத்தினால் அலுமினிய உடலே விரியலாம். நீளம் குறைந்தால் நாலு மரை மட்டும் பிடித்து, ஒருநாள் அந்த நாலையும் உருவிக்கொண்டு வரும். அலுமினியத்துக்குள் ஏறும் போல்ட் தன் தடிமனைப்போல ஒன்றரை மடங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். எம்6 என்றால் 9 மி.மீ.

என்ஜின் கவரைக் கழற்றும்போது இந்த நீளப் பிரச்சினை பெரிதாகும், அங்கே ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு நீளம். ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொன்றையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பல இடங்களில் இங்கிலாந்து மரைகள், இன்ச் கணக்கு. பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய் ஜோடி பார்ப்பதே நல்லது. யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடிக்குப் பெரும்பாலும் இடமரை இருக்கும், வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் ஏறும். தெரியாமல் வலமாகத் திருப்பிக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் என்ன கேட்பது

சென்னை என்றால் பைக் பாகங்களுக்கு ஜி.பி. ரோடு. மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோமொபைல் கடை ஒன்றாவது இருக்கும். ‘எம்6, 20 நீளம், 8.8’ என்று கேளுங்கள். அந்த 8.8 முக்கியம். போல்ட் தலையில் பொறித்திருப்பார்கள். முதல் எண், அறும் வரை அது தாங்கும் இழுவை: 8 என்றால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 80 கிலோ. எம்6 போல்ட் ஒன்று முழுதாக 1,600 கிலோ வரை தாங்கும் என்று கணக்கு வருகிறது. 4.8 என்றால் அதில் பாதி. எண்ணே இல்லாத வழவழப்பான தலை கொண்ட போல்ட்டை நம்பர் பிளேட்டுக்குப் போடலாம், ஃபுட்ரெஸ்ட்டுக்குப் போடக்கூடாது. கழற்றியதில் 10.9 என்று இருந்தால் 8.8 போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

துருப்பிடிக்காதே என்று எல்லாவற்றுக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்குகிறார்கள். கடலோர ஊர்க்காரர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. மட்கார்டு, செயின் கவர், வைசர் வரை தாராளமாகப் போடுங்கள். கடையில் கிடைக்கும் வழக்கமான ஸ்டெயின்லெஸ் வகை 8.8ஐவிடப் பலம் குறைந்தது, அதனால் பிரேக்குக்கும் ஆக்ஸிலுக்கும் பக்கத்தில் அது வரவே கூடாது.

பின்பக்க நம்பர் பிளேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் உயர்பாதுகாப்புப் பிளேட்தான், அதைப் பிடித்திருப்பது போல்ட் இல்லை, ஒருமுறை மாட்டினால் கழற்ற முடியாத பூட்டு. அது உடைந்து பிளேட் ஆடினால் நீங்களாக ஓட்டை போடாமல் டீலரிடம் போங்கள்.

வாங்கும்போதே ஒரு குப்பி த்ரெட் லாக்கரும் வாங்கிக்கொள்ளுங்கள், மரை கழலாமல் பிடிக்கும் பசை அது, நீல நிறம். பட்டறையில் ‘அனபாண்ட் கொடு’ என்றால் பெரும்பாலும் கேஸ்கெட்டுக்குப் பூசும் பசையை எடுத்து நீட்டுவார்கள், அது வேறு. சிவப்பு த்ரெட் லாக்கர் வேண்டாம், அதைப் போட்ட போல்ட்டைச் சூடு காட்டினால்தான் கழற்ற முடியும்.

மாட்டுவது

ஓட்டைக்குள் இருக்கும் மரையை முதலில் சுத்தம் செய்யுங்கள். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தால் மண் வந்துவிடும். துரு இருந்தால் ஒரு பட்டறை வித்தை இருக்கிறது: அதே அளவு பழைய போல்ட் ஒன்றின் மரையில், நுனியிலிருந்து நீளவாக்கில் ஹேக்ஸா பிளேடால் ஒரு வெட்டு போடுங்கள். அதை மெதுவாக உள்ளே ஏற்றி இறக்கினால் அழுக்கும் துருவும் அந்த வெட்டுக்குள் சேர்ந்து வெளியே வரும்.

இப்போது புதிய போல்ட். விரலால் பிடித்து ஓட்டையில் வைத்து, முதலில் இடப்பக்கமாக, கழற்றுவதுபோல் திருப்புங்கள். ஓர் இடத்தில் ‘டக்’ என்று லேசாகக் கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். இரண்டு மரைகளின் வாயும் நேராக வந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். குறைந்தது மூன்று சுற்று விரலிலேயே ஏற வேண்டும். ஏறவில்லையா, வெளியே எடுத்துத் திரும்பவும் வையுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் போல்ட் தப்பானது அல்லது மரை கெட்டது. இந்த இடத்தில் ஸ்பேனரை எடுத்தவர்கள்தான் பிறகு லேத் பட்டறைக்கு நடக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்த ‘டக்’கை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாகத்தில் நான்கு போல்ட் இருந்தால் நான்கையும் விரலால் ஏற்றிய பிறகே முறுக்கத் தொடங்குங்கள், அதுவும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக.

எவ்வளவு முறுக்குவது? கம்பெனி மேனுவலில் அந்த போல்ட்டுக்கென்று எண் இருந்தால் அதுதான் சட்டம். இல்லாதபோது ஜப்பான் வழி வண்டிகளுக்கான பொதுக்கணக்கு ஏறத்தாழ இப்படி: எம்5க்கு 5 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு), எம்6க்கு 10, எம்8க்கு 22, எம்10க்கு 35. காய்ந்த மரைக்கான கணக்கு இது. எண்ணெய் தடவிய மரையில் இதே விசை அதிகமாக இறுக்கிவிடும்.

முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை வைத்துப் பழகலாம். ஸ்பேனரில், போல்ட்டின் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளித் தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். 5 கிலோ காட்டும்போது 10 நியூட்டன் மீட்டர் வந்திருக்கும், 11 கிலோவுக்கு ஏறத்தாழ 22. பத்து முறை செய்தால் கை கற்றுக்கொள்ளும். எம்6க்கு வேண்டிய விசை எவ்வளவு குறைவு என்பது முதல்முறை எல்லோருக்கும் வியப்பாக இருக்கும். ஸ்பேனரின் நுனியைப் பிடித்து முழங்கை பலத்தோடு இழுத்தால் எம்6 தாங்காது.

இனி கழலாமல் இருக்க என்ன செய்வது? ஸ்பிரிங் வாஷரை எல்லோரும் நம்புகிறார்கள். இறுக்கிய பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கும்போதுதான் மரை பின்வாங்குகிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதித்துக் காட்டினார். அந்த வகைச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. கம்பெனி போட்டிருந்த இடத்தில் திரும்பப் போடுங்கள், ஆனால் அதை நம்பி முறுக்கைக் குறைக்காதீர்கள். சரியான முறுக்குதான் முதல் பூட்டு. அடிக்கடி கழலும் போல்ட்டுக்கு நீல த்ரெட் லாக்கர் இரண்டு சொட்டு போதும். எண்ணெய் இல்லாமல் துடைத்த மரையில் விட்டு, முறுக்கி, முழுதாகக் கெட்டிப்பட ஒருநாள் விடுங்கள். பிளாஸ்டிக் பாகங்களின் பக்கம் அது வழியக்கூடாது, சில வகைப் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். உள்ளே நைலான் வளையம் இருக்கும் நைலாக் நட்டுக்கு லாக்கர் தேவையில்லை. ஆனால் அந்த நட்டு விரலாலேயே கடைசி வரை ஏறினால் வளையம் தேய்ந்துவிட்டது, புதிது மாற்றுங்கள்.

காட்டர் பின்னைக் கழற்றினால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. ஒவ்வொரு முறையும் புதிது. நட்டில் காடி வெட்டியிருந்து ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கி நேராக்குங்கள், ஒருபோதும் தளர்த்தி நேராக்காதீர்கள். பின்னை உள்ளே விட்டு இரண்டு காலையும் எதிரெதிராக நன்றாக மடக்குங்கள். பைண்டிங் கம்பியை முறுக்கி விடுவது இரண்டு நாளைக்குக்கூட வேண்டாம். செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் கிளிப்புக்கும் திசை உண்டு: மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுங்கள். கோடு முறிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. அடுத்த நாளும், நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஒரு பார்வை பாருங்கள்.

மரை போயிருந்தால்

போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது. எம்சீல் அடைப்பது, நூல் சுற்றி ஏற்றுவது, ஒரு சைஸ் பெரிய போல்ட்டை அடித்து இறக்குவது எல்லாம் அடுத்து வருபவருக்கு வைக்கும் கண்ணி. லேத் பட்டறையில் ஹெலிகாயில் போடச் சொல்லுங்கள். பழைய மரையை அகலமாகத் துளைத்து, எஃகுக் கம்பிச்சுருள் ஒன்றை உள்ளே இறக்கி, அதே எம்6 போல்ட்டை ஏற்றுவார்கள். அலுமினியத்தில் இருந்த பழைய மரையைவிட அது உறுதியாகவே நிற்கும்.

துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். என்ஜினோடு சைலன்ஸர் சேரும் இடத்தில் இருக்கும் இரண்டு நட்டுகளில் மட்டும் தொடக்கத்தில் கை வைக்காதீர்கள். அந்த நட்டு ஏறியிருக்கும் தலையில்லாத போல்ட்டை ஸ்டட் என்பார்கள், பல வருடம் சூட்டில் வெந்த அது முறிந்தால் முறிந்த துண்டு ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அதற்கு மெக்கானிக் வேண்டும்.

என் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் ஒரு பழைய தைலப் புட்டி இருக்கிறது. எம்6இல் 16, 20, 25 நீளத்தில் இரண்டிரண்டு போல்ட், எம்8இல் இரண்டு, அவற்றுக்கான நட்டும் வாஷரும், நைலாக் நட்டு இரண்டு, செயின் லாக் ஒன்று, காட்டர் பின் நான்கு. சத்தம் போடாமல் இருக்கத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பஞ்சர் கடையில் சக்கரம் திரும்ப ஏறியதும் புதுப் பின் ஒன்றை அதிலிருந்து எடுத்து நானே நீட்டுகிறேன்.